மூன்று அவராச்சன்கள்

இப்போது சிரிப்பு வருகிறது. போன மாதம் அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மலையாள நாட்டுப் பாலா டவுனில் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பிரபாகரக் குறுப்பு, ஒருவருக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் மாட்டிக் கொடுத்தான் என்றால் நம்புவீர்களா? கொடுத்தேன். அந்த மனுஷர் அதைப் போட்டுக்கொண்டு கடைப்படியில் தடுமாறியபோதுதான் எனக்கே உறைத்தது. ஒரு ஏழையின் பிழைப்பு என் வாய்க்கொழுப்பால் போகவிருந்தது. நல்லவேளை, போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து கதை சொல்கிறேன்.

எனக்குப் புகைப்படப் பைத்தியம். அதிலும் இருட்டும் வெளிச்சமும் ஒரே இடத்தில் இருக்கிற காட்சி என்றால் விடமாட்டேன். பழைய தேவாலயத்தின் உள்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குத் தகுந்தபடி எடுத்தால் உள்ளே எல்லாம் கரி. உள்ளே தெரிகிற மாதிரி எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளை. அதனால் கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ரொம்ப இருட்டாக ஒன்றில் தொடங்கி ரொம்ப வெளிச்சமாக ஒன்றுவரை ஐந்து படம் எடுத்து, ஐந்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எச்.டி.ஆர். என்று பெயர். என் மனைவி ரெமாவுக்கு இது இன்றைக்கும் வேடிக்கைதான். "ஒரு படத்துக்கு அஞ்சு தடவையா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறீங்க, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?" என்பாள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஐந்து படம் எடுத்து முடிப்பதற்குள் யாராவது நடமாடினால் தொலைந்தது. சேர்த்த பிறகு பார்த்தால் ஒரே ஆள் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று, பின்னால் இருக்கிற சுவர் தெரிய நிற்பான். எங்கள் கிளப்பில் அதை ஆவி என்போம்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என்னைத் தவிர பதினான்கு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மத்தியானம் நூலகத்து மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுவர வேண்டும். முன்பக்கம் பெயர் கூடாது. பின்பக்கம் எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணி, எப்படி எடுத்தது என்று எழுத வேண்டும். செயலாளர் வர்க்கிச்சன் வாசலிலேயே அதில் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்வார். பிறகு படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகக் கிழித்துத் தோரணம் கட்டுவோம். அந்த நேரத்தில் படம் எடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்து தன் படத்துக்கு வக்காலத்து வாங்கினால், எல்லாருக்கும் பரிப்புவடையும் பாலில்லாத கட்டஞ்சாயாவும் அவன் செலவு. பன்னிரண்டு வருஷத்துச் சட்டம் இது. போட்டது நான்தான்.

கிளப்பில் ஜின்சி என்று ஒருத்தி இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இருபத்தொன்பது வயது. சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டுதான் வருவாள். நாள் முழுக்க ஊரார் எலும்பில் கீறல் தேடுகிறவள் என்பதால், படத்திலும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எதையும் மென்று விழுங்கவும் மாட்டாள்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, புன்னக்கடவு சர்ச்சுக்குப் போனேன். பாலாவிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஆற்றோரத்துப் பழைய தேவாலயம். பலிபீடத்துக்கு முன்னால் ஒரு பட்டுத்திரை, நூறு வருஷத்துக்குக் குறையாது. பக்கத்தில் மெழுகுவர்த்தித் தட்டு. தெற்கு ஜன்னல் வழியே மத்தியான வெயில் சரிந்து விழும். நான் பின்பக்கத்துப் பாட்டு மாடியில் ஏறி முக்காலியை நிறுத்தினேன்.

கீழே கப்பியார் அவராச்சன் இருந்தார். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, திரை விலக்குவது எல்லாம் அங்கே கப்பியார் வேலை. அறுபது வயசிருக்கும். வெள்ளைத்தாடி, தோளில் துண்டு, கையில் மெழுகுவர்த்தி அணைக்கிற நீளக் கோல். தட்டுக்கும் திரைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"அவராச்சன் சேட்டா! ஒரு ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் ஒதுங்குங்களேன்" என்று மேலே இருந்து கத்தினேன்.

"மெழுகுவர்த்தி எரியுறப்ப நான் நகரக்கூடாது சாரே. காத்தடிக்குது பாருங்க. நீங்க பாட்டுக்கு எடுங்க, நான் உங்கள ஒண்ணும் பண்ணல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எடுத்தேன். மணி மூன்று முப்பத்திரண்டு. ஐந்து படமும் எடுத்து, வெளிப்படிக்கட்டு வழியாக இறங்கி, மூன்று நாற்பது பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். நான் பஸ்ஸுக்கு ஓடிய அந்தச் சில நிமிஷத்தில் அந்தச் சர்ச்சில் என்ன நடந்தது என்று எனக்கு வியாழக்கிழமை வரை தெரியாது.

மறுநாள் கிளப். என் படம் கயிற்றில் ஏறியது. ஜின்சி கிட்டப் போனாள், தள்ளி வந்தாள், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இத எடுத்தவங்களுக்கு மசாலான்னா ரொம்ப இஷ்டம் போல" என்று ஆரம்பித்தாள். "இருட்டே இல்ல. மூலை முடுக்கெல்லாம் ட்யூப்லைட் போட்ட மாதிரி இருக்கு. சர்ச்சுன்னா கொஞ்சம் இருட்டு வேணாமா? சரி, அத விடுங்க. இங்க வாங்க, இங்க யாரு இது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"தட்டுப் பக்கத்துல ஒரு தாடிக்காரர். தூணுக்கிட்ட அதே தாடிக்காரர். திரைக்கு முன்னாடி கோலோட மறுபடியும் அவரே. மூணு ஆவி!" காதிலிருந்து பேனாவை எடுத்து மூன்று வட்டம் போட்டாள். என் படத்தின் மேலேயே! "இன்னும் ஒண்ணு. திரையோட ஓரம் ரெண்டு ரெண்டாத் தெரியுது பாருங்க. ஆடியிருக்கு. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கும் போல, காத்து வந்திருக்கு." அங்கே நாலாவது வட்டம். ஓரத்தில் எழுதவும் செய்தாள்: 'மூன்று ஆவி, ஆடும் திரை. விரட்டவும்.' கீழே கையெழுத்து வேறு.

வர்க்கிச்சன் இருமினார். "பேயோட்டுறதுக்கு சர்ச்சு அச்சனத்தான் கூப்பிடணும்" என்றார். மாடி முழுக்கச் சிரிப்பு.

நான் எழுந்துவிட்டேன். "பெண்ணே, நீ பொறக்கறதுக்கு முன்னாடி கேமரா புடிச்சவன் நான்! உனக்கு எலும்பத்தான் தெரியும். படம்னா என்னன்னு தெரியுமா?"

உடனே பதினான்கு பேரும் ஒரே குரலில், "வடை!" என்றார்கள்.

பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, வடை வரும் வரைகூட நிற்காமல், படத்தைக்கூட எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். வழியிலேயே ஜின்சியின் நம்பரை பிளாக் செய்தேன். அம்பத்தாறு வயசுக்காரன் செய்கிற காரியமா? செய்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? அவள் சொன்னதைத்தான் செய்தேன். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அசைந்தது எதுவோ அதைத் தேடி, பக்கத்தில் இருப்பதை வைத்து மூடிவிடும். அழுத்தினேன். அவராச்சன் மூன்று பேரும் போனார்கள். திரையும் ஒழுங்காக நின்றது. இருட்டையும் கொஞ்சம் கூட்டினேன். சொன்னால் சொன்னதுதான், படம் எங்கேயோ போய்விட்டது. ஆளில்லாத தேவாலயம், எரிகிற மெழுகுவர்த்திகள், வெயில். 'தனிமை' என்று பெயர் வைத்து, சட்டப்படி இடம், தேதி, மணி எல்லாம் போட்டு, கிளப்பின் பேஸ்புக் பக்கத்தில் ஏற்றினேன். பிறகு என் வழக்கப்படி அந்த ஐந்து மூலப்படங்களையும், ஆவியோடு இருந்த பழைய சேர்ப்பையும் அழித்தேன். சாப்பாடு தயாரான பிறகு பாத்திரம் எதற்கு என்பது என் கட்சி. கேமரா கார்டையும் துடைத்து, திங்கட்கிழமை மருமகளின் தங்கை வீட்டுப் பெயர் சூட்டலில் அறுநூறு படம் எடுத்தேன்.

புதன்கிழமை கடைக்குப் போன் வந்தது. புன்னக்கடவு விகாரியச்சன், அந்தச் சர்ச்சின் பாதிரியார். மெதுவாகப் பேசுகிற மனுஷர்.

"குறுப்பு சாரே, உங்க படம் பாத்தேன். ரொம்ப நல்லாருக்கு. அதுல போட்டிருக்கிற நேரம் சரியானதுதானா?"

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு பாதிரியாரே கூப்பிட்டுப் பாராட்டுகிறார்!

"கடிகாரம் தப்பினாலும் என் கேமரா தப்பாது, அச்சா. மூணு முப்பத்திரண்டு."

"அப்ப உள்ள யாருமே இல்லையா?"

இங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. ஆள் இருந்தார், கம்ப்யூட்டரில் அழித்தேன் என்று சொல்லலாம். சொன்னால் அதில் என்ன பெருமை? ஒரு பெரிய கலைஞன் பொறுமையாகக் காத்திருந்து எடுத்தான் என்று அவர் நினைக்கட்டுமே என்று ஆசை.

"ஒரு ஈ காக்கா இல்ல, அச்சா" என்றேன். "அதுக்காகவே காத்துக்கிட்டு இருந்தேன். ஆளே இல்லாத அந்த நிமிஷம் பாருங்க, அதான் படம்."

"சரி" என்று பெருமூச்சு விட்டார். "ரொம்ப நன்றி."

நான் அன்றைக்கு ரெமாவிடம் இதை இரண்டு தடவை சொன்னேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு, காதில் பெரிய வளையம். கண் பரிசோதனைக்கு வந்தவர் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"படம் எடுக்கிற குறுப்பு சார் நீங்கதானா?"

"ஆமா."

"நான் அன்னக்குட்டி. கப்பியார் அவராச்சனோட வீட்டுக்காரி. எங்க மனுஷன் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினாரு சாரே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. சனிக்கிழமை மூன்று நாற்பதுக்கு வேதபாடத்துக்கு வந்த பெண்கள் பார்த்தபோது பட்டுத்திரை எரிந்துகொண்டிருந்தது. அவராச்சன் வெளியே இருந்து ஓடி வந்துகொண்டிருந்தார், கையில் வாளி. திரையில் பாதி போய்விட்டது. அவராச்சன் சொல்வது, 'காற்றில் திரை பறந்து மெழுகுவர்த்தியில் பட்டது, நான் உள்ளேதான் இருந்தேன், தண்ணீருக்குத்தான் கிணற்றடிக்கு ஓடினேன்' என்று. அந்தத் திரை கைக்காரர் பைலியின் தாத்தா கொடுத்தது. கைக்காரர் என்றால் சர்ச்சுச் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கோபக்காரர். கப்பியார் கள்ளுக்கடைக்குப் போயிருந்தான், ஆளில்லாத நேரத்தில் பிடித்துக்கொண்டது என்பது அவர் கட்சி. அதற்குச் சாட்சி இல்லாமல் இருந்தது. குவைத்தில் இருக்கும் பைலியின் மகன் என் படத்தைப் பார்த்துவிட்டு, 'நம்ம சர்ச்சு, என்ன அழகு' என்று அப்பாவுக்கு அனுப்பினான். மூன்று முப்பத்திரண்டு. மெழுகுவர்த்தி எரிகிறது. ஆள் இல்லை.

"பதினோரு வருஷமா அந்த மனுஷன் கள்ளத் தொட்டதில்ல" என்றார் அன்னக்குட்டி. "அச்சன்கூட அவரு பக்கம்தான் இருந்தாரு. நீங்க போன்ல சொன்னதுக்கு அப்புறம் அவரும் தலைய குனிஞ்சுட்டாரு. நேத்துலேருந்து மணி அடிக்க வேண்டாம்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை கமிட்டி. அன்னைக்கு வேலையும் போயிரும், நாங்க இருக்கிற சர்ச்சு வீடும் போயிரும். நீங்க அங்க இருந்தீங்களே சாரே! அவரு உங்களோட பேசுனேன்னு சொல்றாரே!"

அவர் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அவரு உள்ளதான் இருந்தாரு. நான்தான்..." என்று தொடங்கினேன். நான்தான் அவரை அழித்துவிட்டேன் என்று ஒரு மனைவியிடம் எப்படிச் சொல்வது?

அவர் போனதும் அச்சனுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர், ஆவி, ஐந்து படம், என் பெருமை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குறுப்பு சாரே, நேத்து ஈ காக்கா இல்லன்னீங்க. இன்னைக்கு ஆள் இருந்தாருங்கிறீங்க. அன்னக்குட்டி வந்துட்டுப் போனாங்களா?"

"வந்தாங்க. ஆனா அதுக்காக இல்ல, அச்சா..."

"உங்க மனசு நல்ல மனசு, எனக்குப் புரியுது. ஆனா நான் இத பைலிகிட்ட சொன்னா என்ன சொல்லுவாரு? ஆள எடுக்கிற கம்ப்யூட்டருக்கு ஆள வைக்கத் தெரியாதான்னு கேப்பாரு. பழைய படம் ஏதாவது இருக்கா?"

எங்கே இருக்கிறது? டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் டோமியிடம் கார்டைக் கொடுத்தேன். அழித்ததை மீட்க முடியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அதும் மேல அறுநூறு படம் எடுத்திருக்கீங்களே சேட்டா. பாப்பா மூஞ்சிதான் வருது, வேணுமா?" என்றார்.

வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ரெமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சேக்கறதுக்கு முன்னாடி இருந்த அஞ்சு படம் போச்சு, சரி" என்றாள். "சேத்த படத்த அழிக்கிறதுக்கு முன்னாடி யாருமே பாக்கலையா?"

பார்த்தார்களே! பதினான்கு பேர் பார்த்தார்களே! அச்சுப் போட்ட படம், வர்க்கிச்சன் முத்திரை, ஞாயிற்றுக்கிழமைத் தேதி. நான் கோபத்தில் விட்டுவிட்டு வந்த படம். உடனே வர்க்கிச்சனைக் கூப்பிட்டேன்.

"அதா? ஜின்சி எடுத்துட்டுப் போனா. நீங்க கேட்டா கொடுக்கிறேன்னு சொன்னா" என்றார். "நீங்க கேக்கலையே."

பிளாக் செய்த நம்பரை விடுவித்துக் கூப்பிட வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை காலை அவள் வேலை நேரம். மூன்று தடவை அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"யாரு இது? எலும்புக்காரிகிட்ட என்ன வேலை, குறுப்பு சேட்டா? கை கால் ஏதும் முறிஞ்சுதா?"

"ஜின்சி, திட்டணும்னா அப்புறம் திட்டு. என் படம் எங்க?"

"அதுவா? வடை மிச்சமாச்சு. மடிச்சுக் கொண்டுபோக பேப்பர் இல்ல. உங்க படம்தான் பெருசா இருந்துச்சு."

கடை மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சேட்டா? என்னாச்சு? சும்மா சொன்னேன்! என் பெட்டியிலதான் பத்திரமா இருக்கு. நீங்க வந்து கேப்பீங்க, ரெண்டு திட்டு திட்டிட்டுக் கொடுக்கலாம்னு வெச்சிருக்கேன். அழுறீங்களா என்ன?"

அழுதேன்தான். கடையில் ஆள் இருக்கும்போதே அழுதேன். ஜின்சி கதையை முழுக்கக் கேட்டாள். பிறகு, "மூணு ஆவின்னு நானே எழுதினேனே. பாவம், அந்த மனுஷன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். வேலைய மாத்திக்கிறேன்."

ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியது. சர்ச்சை ஒட்டிய கூடத்தில் ஒன்பது பேர். நாங்கள் இருவரும் ஊர்க்காரர்கள் அல்ல, சபைக்காரர்களும் அல்ல. அச்சன்தான் உள்ளே வரச் சொன்னார். வெளியே பலாமரத்தடியில் அவராச்சனும் அன்னக்குட்டியும் நின்றிருந்தார்கள். அவராச்சன் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு எட்டு வைத்து அவரைக் கடந்து போவது எனக்கு மலையேறுவதாக இருந்தது.

பைலி ஆளில்லாத என் படத்தின் பெரிய அச்சு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். "சொல்லுங்க சாரே. படத்துக்கும் உங்களுக்கும் இப்ப சண்டையாமே?" என்றார்.

நான் என் தப்பை ஒளிக்காமல் சொன்னேன். பெருமைக்காக அச்சனிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். ஒன்பது பேர் முன்னால் அப்படிச் சொல்வது சுலபமில்லை. பிறகு ஜின்சி அந்தப் படத்தை மேஜையில் விரித்தாள். சிவப்பு வட்டங்கள் நாலும் பளிச்சென்று தெரிந்தன.

பைலி குனிந்து பார்த்தார். "இதுவும் கம்ப்யூட்டர்ல வந்ததுதானே? இவரு இரக்கப்பட்டு ஆள வெச்சிருக்கலாமே?"

"பைலிச் சேட்டா, பின்னாடி திருப்புங்க" என்றாள் ஜின்சி. "போன ஞாயித்துக்கிழமை முத்திரை. அன்னைக்கு உங்க திரை எரிஞ்சதே எங்க யாருக்கும் தெரியாது. பதினாலு பேரு பாத்திருக்காங்க, எல்லாரையும் கூட்டிட்டு வரவா? இந்த எழுத்து என்னோடது. ஆவி இருக்கு, விரட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். அதுக்கு இவரு என்கிட்ட சண்டை போட்டு எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாரு. இன்னொண்ணும் யோசிங்க. பொய்யா ஒரு ஆள வெக்கிறவன், ஒரு ஆள முழுசா வெப்பானா, இல்ல அரைகுறையா மூணு ஆள வெப்பானா?"

யாரோ சிரித்தார்கள். அச்சன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

"இது அவராச்சன்தான். இது அவரு கோல்" என்றார். "இந்த நாலாவது வட்டம் என்ன, மோளே?"

"திரை, அச்சா. ரெண்டு ரெண்டாத் தெரியுது பாருங்க. படம் எடுக்கிறப்பவே காத்துல மெழுகுவர்த்திப் பக்கம் பறந்துக்கிட்டு இருந்திருக்கு. தெற்கு ஜன்னல்ல கண்ணாடி உடைஞ்சிருக்கா?"

கமிட்டி எழுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவராச்சன் அத மூணு தடவ சொல்லியிருக்காரு. பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்" என்றார். சொன்னவர் பைலியைப் பார்க்கவில்லை, ஆனால் மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

பைலி படத்தை வெகுநேரம் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். "எடோ அவராச்சா!" என்று கத்தினார். "அங்க என்ன நிக்கிற? பன்னிரண்டு மணி ஆகப்போகுது. மணி அடிக்கிறது யாரு, நானா?"

அன்னக்குட்டி அப்போதுதான் அழுதார். நான்கு நாளும் அடக்கி வைத்தது மொத்தமாக வந்தது. ஜின்சி போய் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் வெளியே வந்து பலாமரத்து வேரிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. யாரோ ஒரு கிளாஸ் சாயா கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் சாயாவைப் போல் ஒரு சாயாவை நான் என் ஆயுளில் குடித்ததில்லை.

மணி அடித்துவிட்டு அவராச்சன் என்னிடம் வந்தார். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிடுங்க சேட்டா. என் வாயாலதான் எல்லாம்" என்றேன்.

"அத விடுங்க சாரே" என்றார். கொஞ்ச நேரம் கையை விடவில்லை. "நான் ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ஆளில்லாத படத்த எனக்குக் காட்டுனாங்க. கமிட்டிக்காரங்க காட்டுனாங்க, கடைத்தெருவுல காட்டுனாங்க. நாலு நாளா பாத்துக்கிட்டே இருந்தேன். பாக்கப் பாக்க எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒருவேள நான் அங்க இல்லையோ? வயசாச்சே, எங்கயாவது போயிட்டு மறந்துட்டேனோன்னு. அன்னக்குட்டிகிட்டயே கேட்டேன், 'எடீ, நான் பழையபடி குடிக்கிறேனா?'ன்னு."

அவர் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வட்டம் போட்ட படத்த எனக்குக் கொடுப்பீங்களா?" என்றார்.

"அது எதுக்கு? அதுல நீங்க பாதிதான் தெரியுறீங்க. இப்பவே உங்கள முழுசா ஒண்ணு எடுக்கிறேன். வாங்க" என்றேன்.

ஜின்சி தன் பையிலிருந்து கேமராவையும் முக்காலியையும் எடுத்தாள். அவளும் கேமரா இல்லாமல் எங்கேயும் போகிறவள் இல்லை. உள்ளே போனோம். பாதி எரிந்த திரையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். தெற்கு ஜன்னலில் அதற்குள் யாரோ அட்டை அடித்திருந்தார்கள். மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில் அவராச்சனை நிறுத்தினேன். ஒரே ஒரு படம் எடுத்தால் போதும், ஆனால் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. அந்த இடத்தின் இருட்டும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும், அவரும் வேண்டும்.

"சேட்டா, அஞ்சு தடவ சத்தம் கேக்கும். அதுவரைக்கும் ஆடக்கூடாது. ஆடினா மறுபடியும் பாதியாயிடுவீங்க."

"ஆட மாட்டேன்" என்றார்.

கோலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்றார். முதல் சத்தம். இரண்டாவது. வாசலில் அச்சனும் பைலியும் அன்னக்குட்டியும் வந்து நின்று பார்த்தார்கள். மூன்றாவது. நாலாவது கொஞ்சம் நீளம். ஐந்தாவது நாலு விநாடி. அவராச்சன் இமைகூடக் கொட்டவில்லை. கேமராவின் திரையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்திலும் ஒரே அவராச்சன், தாடியில் ஒரு முடிகூட இடம் மாறவில்லை. ஜின்சி என் தோள் வழியே எட்டிப் பார்த்தாள். வட்டம் போட ஒன்றும் கிடைக்காமல் பேனாவைத் திருப்பிக் காதில் செருகிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவே மறந்துபோனோம்.

அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கோலை இறுக்கிப் பிடித்தபடி.

"எடோ மனுஷா!" என்று வாசலிலிருந்து அன்னக்குட்டி கத்தினார். "எல்லாம் முடிஞ்சுது. மூச்ச விடு!"